பாதியில் நிறுத்திய பாட்டு

என் தங்கத் தம்பி குணாவுக்கு,

எங்கே இருக்கிறாயோ, அங்கேயும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டுதான் இருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதைக் கொஞ்சம் கழற்றி வைத்துவிட்டு இதைக் கேள். நான் கூப்பிட்டு முதல் தடவையிலேயே நீ காது கொடுத்ததில்லை. இந்தத் தடவையாவது கொடு.

போன ஞாயிற்றுக்கிழமை உன் பாட்டுப் பசங்க மூன்று பேரும் கிள்ளானில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பள்ளிக்கூடச் சட்டையோடு வந்து உன் ரூமில் விழுந்து கிடந்து, உன்னிடம் ராப் பாடக் கற்றுக்கொண்ட அதே மூன்று பேர்தான். தினேஷுக்கு இப்போது தொப்பை விழுந்துவிட்டது. பாட்டில் வாய் ஓயாத பையன்கள், என் வீட்டு நாற்காலிகளின் நுனியில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் கேட்கக்கூடத் தயங்கினார்கள். அடுத்த மாதம் உன் முதல் திவசம் வருகிறதல்லவா, அதற்குள் உன் ஆரம்பகாலப் பாட்டுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து வெளியிட வேண்டுமாம். அந்த ஆல்பம் அட்டைக்குள் வைக்க அக்கா நாலு வரி எழுதித் தரவேண்டுமாம்.

நாலு வரியில் அடங்குகிற விஷயமா இது? இடம் போதாவிட்டால் எழுத்தைப் பொடியாக அடித்துக்கொள்ளட்டும்.

உன் ஆரம்பகாலப் பாட்டு என்று அவர்கள் சொல்வது, நீ கோயில் உறுமி மேளத்தை வைத்துச் செய்தவை. செராஸில் இருந்து கிள்ளான் வரைக்கும் இன்றைக்கு ராப் பாடுகிற பையன்கள் எல்லாரும் நீ பிறகு மெஷினிலேயே தாளம் போட்டுச் செய்த பாட்டுகளைத்தான் காப்பி அடிக்கிறார்களாம். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் உறுமியோடு நீ வெளியிட்ட முதல் கேசட்டைத்தான் தேடுகிறார்களாம். எனக்கு என்ன தெரியும்? "பாடுறானுங்களா, இல்ல யாரையாச்சும் திட்டுறானுங்களா?" என்று உன் ரூம் வாசலில் நின்று கேட்டவள்தானே நான். தினேஷ்தான் எனக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்த்தான்.

"அக்கா, மத்தவங்க எல்லாம் அடிய நேரா வெப்பாங்க. அண்ணன் அப்பிடி வெக்க மாட்டாரு. உறுமி எப்பவும் கொஞ்சம் லேட்டா வந்து விழும். அதான் அந்த ஃபீல் லா. யாராலயும் அத செய்ய முடியல."

கொஞ்சம் லேட்டா வந்து விழும் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதில் கையைப் பிடித்து உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போவேனே, எப்போதும் அரை அடி பின்னால்தானே வருவாய். இழுத்தாலும் அதே அரை அடி. நீ பாட்டுக்குள்ளேயும் அப்படித்தான் நடந்திருக்கிறாய்.

சிரிப்பு அடங்குவதற்குள் அவன் அடுத்ததைக் கேட்டான். "ஏன்கா அண்ணன் உறுமிய விட்டுட்டாரு? எத்தன தடவ கேட்டிருக்கோம். 'போர் அடிச்சிருச்சிடா'ன்னுதான் சொல்வாரு. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுப்பா" என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்து போனேன். அடுப்பைப் பற்ற வைக்காமல் எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேன் என்று தெரியவில்லை. உன் மச்சான் வந்து கேஸ் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்.

நமக்கு மட்டும் தெரிந்ததை மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன் தம்பி. குறுக்கே பேசாதே.

என் கல்யாண டின்னர். கிள்ளான் மண்டபம். துணிக்கடை வைத்திருக்கிற டவுன் குடும்பத்தில் சம்பந்தம் செய்கிறோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நாம் கேரி தீவுத் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்களுக்குப் பிறந்தவர்கள் என்பதை யாரும் ஞாபகப்படுத்திவிடக் கூடாது என்பதே என் கவலை. தோட்டத்து ஆட்களைப் பின்வரிசையில் உட்கார வைக்கச் சொன்னவளும் நான்தான். நீயோ காலையில் இருந்தே ஒரு தினுசாகச் சுற்றிக்கொண்டிருந்தாய். ஒரு ஸ்பீக்கரை நீயே தூக்கி வந்து மேடையில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாய். சேலை கசங்கும், அந்தப் பக்கம் வை என்று நான் எரிந்து விழுந்தேன். "பரவால்லக்கா, இது ஒனக்குத்தான்" என்றாய்.

உன் பாட்டு ஆரம்பித்தது. உறுமி தேய்க்கிற அந்த முனகல் சத்தம்தான் முதலில். அது ஒரு சுற்றுக்கூட முடிந்திருக்காது. பின்வரிசையில் நம் அத்தைக்குச் சாமி வந்துவிட்டது.

நீ அந்த உறுமியை எங்கே பதிவு செய்தாய் என்பது எனக்கு அப்போது தெரியாது. கேரி தீவுக் கோயில் திருவிழாவில் அம்மனை அழைக்கும்போது அடிப்பார்களே, அந்த நேரத்தில் டேப்ரெக்கார்டரை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாய். அந்த அடிக்குத்தான் அத்தைக்கு வருஷா வருஷம் அருள் வரும். மண்டபமா கோயிலா என்று அம்மனுக்கு என்ன தெரியும்? கூப்பிட்டார்கள், வந்துவிட்டாள். அத்தை கொண்டை அவிழ்ந்து, கையில் கோழித் துண்டோடு எழுந்து, மேசைகளுக்கு நடுவில் ஆடிக்கொண்டே முன்னால் வந்தாள். எலுமிச்சம்பழம் கொண்டு வாங்க என்று யாரோ கத்தினார்கள். மண்டபம் முழுக்கத் தேடியும் சர்பத்துக்கு வெட்டிய துண்டுகள்தான் கிடைத்தன.

"யாருடா என்னைய இங்க கூப்புட்டது?" என்றாள் அத்தை.

நீ பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தூக்கினாய். "நான்தாம்மா."

"எதுக்குடா கூப்புட்ட?"

"அக்கா கல்யாணம்மா. ஒரு பாட்டு போட்டேன்."

இன்றைக்கு நினைத்தால் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். அன்றைக்கு என்னால் முடியவில்லை. நான்தான் மேடையில் இருந்து "அந்த எழவ நிறுத்துங்க" என்று கத்தினேன். பாட்டு நின்றது. திருநீறு பூசி அத்தையை உட்கார வைத்தார்கள். என் மாமியார் என் பக்கம் சாய்ந்து, மெதுவாகத்தான் கேட்டார்: "ஒங்க பக்கம் இப்பிடித்தானாம்மா?"

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மண்டபத்துக்குப் பின்னால் உன்னை இழுத்துக்கொண்டு போனேன். கல்யாண வீட்டில் அம்மனை விளையாட்டுக்குக் கூப்பிட்டது சாமி குத்தம், என் வாழ்க்கையே நாசமாகப் போகும் என்றேன். "இனிமே உறுமிய தொட மாட்டேன்னு என் தலைல கை வெச்சு சத்தியம் பண்ணு" என்றேன். நீ ஏதோ சொல்ல வந்தாய். "பண்ணுடா" என்றேன். பூவும் நகையும் வைத்த என் தலையில், எதுவும் கலைந்துவிடாமல், பட்டும் படாமலும் கையை வைத்தாய்.

தலையில் கை வைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் கேடு உனக்கு இல்லை, எனக்குத்தான் என்று நம் வீட்டில் எல்லாரும் நம்புவோம். உனக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று தெரிந்துதான் அந்தச் சத்தியத்தைக் கேட்டேன். மறுநாளே நீ ரூமில் இருந்த உறுமி டேப்புகளை எல்லாம் அழித்துவிட்டாய் என்று பசங்க சொல்லித்தான் இப்போது தெரிகிறது. அதன் பிறகு பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்கு மேலே ரூம் எடுத்தாய், பேர் வாங்கினாய், உன்னைத் தேடி எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். ஒரு பாட்டில்கூட உறுமி இல்லை. மழையில் உன் மோட்டார்சைக்கிள் ஒரு லோரியில் மோதி நீ போய்விட்ட அந்தச் சாயங்காலம் வரைக்கும் இல்லை.

குணா, சாமி குத்தம் என்று நான் சொன்னது பொய். எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அத்தையைப் பார்த்து, உறுமியைக் கேட்டு, நாம் யார் என்று ஊருக்கே தெரிந்துவிட்டதே என்று வெட்கம். அதற்கு அம்மனைத் துணைக்கு இழுத்துக்கொண்டேன். உனக்கு அது அப்போதே தெரிந்திருக்குமோ? தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டாயா?

இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்குப் போட்ட கேசட் கல்யாணப் பரிசுகளோடு என் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது. கூறைச்சேலைக்கு அடியில் வைத்திருந்தேன். ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்டதில்லை. தூக்கிப் போடவும் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை டீயைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அலமாரியைத் திறந்து அதை எடுத்து வந்து தினேஷ் கையில் கொடுத்தேன். பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது இல்லன்னு நெனச்சோம்கா. பாடுனது நாங்கதான், ஆனா முடிச்ச பாட்ட அண்ணன் எங்களுக்கும் போட்டுக் காட்டல" என்றான். உன் மச்சான் கேசட் போடுகிற ரேடியோவைக் கொண்டுவந்து வைத்தார்.

கேட்டேன் தம்பி. முதல் தடவையாகக் கடைசி வரைக்கும் கேட்டேன்.

உறுமி முனகுகிறது. அடி பின்னால் பின்னால் வந்து விழுகிறது. பசங்களுடைய சின்ன வயதுக் குரல், ஒருவனை ஒருவன் முந்திக்கொண்டு. அவர்கள் பேசுவதற்கு நீ எவ்வளவு இடம் விட்டிருக்கிறாய்! ஒருவன் மூச்சு வாங்கினால் அந்த மூச்சுகூடக் கேட்கிறது. இத்தனை நாள் சத்தம், சத்தம் என்றேனே, அதில் பாதி அமைதியாகத்தான் இருந்திருக்கிறது. பிறகு எல்லாம் ஒரேயடியாக நின்றுவிட்டது. கேசட் தீர்ந்துவிட்டதென்று எழுந்திருக்கப் பார்த்தேன். அப்போது தூரத்தில் இருந்து ஒரு பெண் கத்தினாள்.

"டேய் குணா, சோறு ஆறுதுடா, கீழ வாடா!"

என் குரல். நம் பழைய வீட்டு அடுப்படியில் இருந்து மாடிக்குக் கத்துவேனே, அது. எப்போது பிடித்தாய்? "வாடா" என்பதை மட்டும் வெட்டி, ஒன்றின் பின் ஒன்றாக அடுக்கி, மூன்றாவது "வாடா"வின் மேல் உறுமியைக் கொண்டுவந்து போட்டாயே, வீட்டுக் கண்ணாடி எல்லாம் அதிர்ந்தது. பசங்க மூன்று பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்தே இருந்தேன். ஸ்பீக்கர் ஏன் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தது என்று அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது. என் குரல் வரும்போது என் முகத்தை நீ பார்க்க ஆசைப்பட்டிருக்கிறாய். நான் அதற்குள் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறிக் கேரி தீவுக்குப் போனேன். அத்தைக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. நடந்ததை எல்லாம் சொல்லி அழுதேன்.

"குத்தமா? யாரு சொன்னா?" என்றாள். "அவ சந்தோசமா வந்தாடி. ஒங் கல்யாணத்துக்கு அவளக் கூப்புட ஒன் தம்பிக்குத்தான் தோணிச்சு. பாதில நிறுத்திட்டீங்கன்னுதான் எனக்கு வருத்தம். முழுசா போட்டிருந்தா நல்லா ஆடியிருப்பேன்."

பசங்க இந்தப் பாட்டை வெளியில் விட்டால் உன் சத்தியம் உடைந்ததாகுமா, அதை எப்படி எடுப்பது என்று கேட்டேன்.

"வாங்குனவதான் விடணும். நீ விடு."

"அவன் இல்லியே அத்த."

"இல்லன்னா என்னா? சொல்லு. எப்பவும்போல கத்திச் சொல்லு."

அதனால்தான் இதை ஊர் அறிய எழுதுகிறேன். உன் திறமையை நான் பூட்டி வைத்தேன், குணா. உறுமியோடு இன்னும் எத்தனை பாட்டுகள் உன் கையில் இருந்தன என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் இனித் தெரியப்போவதில்லை. மன்னித்துவிடு என்று கேட்டால் நீ "விடுக்கா" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொள்வாய். அதனால் கேட்கவில்லை. அந்தப் பாரம் என்னோடு இருக்கட்டும்.

சத்தியம் மட்டும் இருக்க வேண்டாம். நான் வாங்கியதை நானே விட்டுவிட்டேன். என் தலைமேல் வைத்த கையை எடுத்துக்கொள் தம்பி.

கேசட் பசங்களிடம் போய்விட்டது. என் சத்தம் கொஞ்சம் இரைச்சலாக இருக்கிறது, சுத்தம் செய்யலாமா என்று தினேஷ் கேட்டான். ஒன்றையும் தொடாதே, அண்ணன் வைத்தபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். உன் திவசத்தன்று அன்றைக்கு நீ வைத்த மாதிரி ஒரு ஸ்பீக்கரை வீட்டு வாசலில் வைத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி கடைசி வரைக்கும் போடுவேன். இது சத்தியம். தோட்டத்து ஆட்கள் முன்வரிசையில் உட்காருவார்கள். அத்தைக்குச் சாமி வந்தால் வரட்டும், முழு எலுமிச்சம்பழமாக வாங்கி வைத்திருப்பேன். அதற்காகப் பாட்டு நிற்காது.

பாட்டு நடுவில் எல்லாம் அடங்குகிற அந்த இடத்தில் உனக்குப் படையல் போடுவேன். கோழிக் குழம்பு, நீ கேட்கிற அந்த நெத்திலிப் பொரியல். இலை போட்டதும் நான் கத்துவேன், நீ முதல் தடவையிலேயே வந்துவிட வேண்டும்.

சோறு ஆறுதுடா, கீழ வாடா.

இப்படிக்கு,
உன் பாட்டில் கத்துகிற
உன் அக்கா கமலா