கைக்கு மாறிய ஆக்ஸிலேட்டர்

இன்று காலை என் ஸ்கூட்டருக்கு பிரேக் கேபிள் மாற்றக் கடையில் உட்கார்ந்திருந்தேன். மெக்கானிக் புதுக் கம்பியில் கிரீஸ் தடவினார். அந்த வாசனையில் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம், நமக்குக் கல்யாணமான புதிது. டிராக்டர் ரிப்பேரில் ஜாக்கி நழுவி உங்கள் வலது கணுக்கால் நொறுங்கியிருந்தது. எலும்பு கூடியும் கணுக்கால் மடங்கவில்லை. தொடையால் தள்ளி பிரேக்கை மிதித்துவிடுவீர்கள். ஆக்ஸிலேட்டரைத்தான் மெல்ல மிதித்து மெல்ல விட முடியவில்லை. மெட்ராஸ் ஒர்க்‌ஷாப்பில் கேட்பாரற்றுக் கிடந்ததை வாங்கிவந்து நீங்களே பூட்டி ஓட்டிய சிவப்புக் கார், இரண்டே பேர் உட்காரக்கூடியது, ஊரே 'ரேஸ் காரு' என்று சொன்ன வண்டி, கொட்டகையில் தூசி படிந்து நின்றது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து உங்கள் அண்ணன் வந்தார். "நொண்டிக் கால வச்சிக்கினு இனிமே ஓட்டப் போறியா? வண்டிய வாங்க ஆள் பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துனு போவான்."

அவர் பஸ் ஏறியதும் என்னைக் கூப்பிட்டீர்கள். "காலு இல்லன்னா கை இருக்குது. வா."

ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதிலிருந்து கார்புரேட்டர் வரை ஒரு கேபிள். இஞ்சினுக்குப் பின்னாலிருந்த இடுக்கில் உங்கள் கை நுழையவில்லை. என் கை நுழைந்தது. நான் கம்பியைத் தள்ள, நீங்கள் அந்தப் பக்கம் வாங்கி முடுக்கினீர்கள். கைப்பிடியை விட்ட பிறகும் இஞ்சின் அலறியது. "கொஞ்சம் தொய்வு வேணும். ஜாஸ்தி இழுத்தா நம்ம பேச்சக் கேக்காது" என்று நட்டைத் தளர்த்தினீர்கள்.

மறுநாள் மலையைச் சுற்றிப் போகும் பாதையில் அடி அண்ணாமலை தாண்டும்போது கேபிள் சிக்கிக்கொண்டது. வேகம் குறையவே இல்லை. சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்து, பிரேக்கைத் தள்ளி, புளியமரத்தை ஒட்டி நிறுத்தினீர்கள். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன்.

"வேணாங்க, குடுத்துடலாம்."

"சிரிக்கறானுங்கன்னா குடுக்கறது?"

கேபிள் ஒரு மூலையில் சட்டென்று மடங்கியிருந்தது. அங்கேயே, அத்தனை பேர் பார்க்க, அதைப் பெரிய வளைவாக விட்டு மறுபடி பூட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை வாங்க வந்தவரோடு அண்ணன் வாசலில் நின்றார். நாம் இருவரும் வண்டிக்குள் இருந்தோம். நீங்கள் ஸ்டார்ட் செய்தீர்கள்.

"டேய், அவளையும் சேத்துக் கொல்லப் போறியா?"

அதுவரை அவர் எதிரில் நான் நிமிர்ந்து பேசியதில்லை. "உக்காருங்க மாமா. போயிட்டு வந்து நாந்தான் சோறு போடணும்" என்றேன்.

நீங்கள் சிரித்த சிரிப்பில் கை அழுந்தி வண்டி பாய்ந்தது. மலையைச் சுற்றிக்கொண்டு திரும்பியபோது வாங்க வந்தவர் போய்விட்டிருந்தார். அண்ணன் மட்டும் உட்கார்ந்திருந்தார். நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

பல வருடங்கள் கழித்து நீங்கள் கண்மூடி, உங்கள் காரியம் முடிந்த அன்றும் அவரே வந்தார். "ஒண்டிப் பொம்பள, இங்க எப்படிம்மா இருப்ப? வீட்டப் பூட்டிட்டு எங்ககூட வந்துடு."

பாசமாகத்தான் சொன்னார். ஆனால் நான் தலை குனியவில்லை.

"இருப்பேன் மாமா" என்றேன்.

இருக்கிறேன்.