கேட்டுக்கு வெளியே நின்ற அக்காவுக்கு

என் ரோசக்கா,

உன்னை அடக்கம் செய்த அன்று, சுங்கை பட்டாணி மாதா கோயில் வாசலில் எஸ்டேட் துரை என்னிடம் வந்து, "உங்க அக்கா நம்ம தோட்டத்துக்கே பெருமைம்மா" என்றார். அவளைக் கேட்டுக்குள் விடக்கூடாது என்று காவலுக்கு நிற்கும் ஜாகாவிடம் உத்தரவு போட்டது நீங்கள்தானே என்று நான் கேட்கவில்லை. பயமில்லை அக்கா. வாயைத் திறந்தால் கத்திவிடுவேன். உன் பெட்டிக்குப் பக்கத்தில் கத்த மனம் வரவில்லை. அதனால்தான் இப்போது எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்தில், அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில்தான் நாம் பிறந்தோம். நீ சட்டம் படித்து, கோலாலம்பூரில் விரிவுரையாளராகித் திரும்பியபோது அங்கே அந்நியப் பெண் ஆகிவிட்டாய். பிறந்த வீட்டைப் பார்க்கப் போனால் அது அத்துமீறல் என்றார்கள்!

பல்கலைக்கழகத்தில் மட்டும் என்ன மரியாதை கிடைத்தது? ஆலைக் கழிவு கலந்த ஆற்று நீரையும், களைக்கொல்லி அடிக்கும் பெண்களின் உடம்பையும் மனித உரிமை என்று நீ எழுதினாய். அது சட்டமல்ல, சமூக சேவை என்றார்கள். உனக்குப் பின்னால் வந்தவர்கள் பேராசிரியர்கள் ஆனார்கள். அவர்களேதான் இரங்கல் செய்தியில் உன்னை 'அமைதியானவர்' என்று எழுதியிருக்கிறார்கள். நீயா அமைதி? யாருடைய அக்காவைப் பற்றி எழுதினார்கள்?

உன் மனுவைப் பார்த்துத் தொழிலாளர் இலாகா அதிகாரி வந்த நாளை நினைத்தால் இன்னும் எனக்குப் பற்றி எரிகிறது. மருந்து அடித்து அடித்துக் கறுத்துப்போன நகங்களை அவர் பார்க்க வேண்டும், அதற்குத்தான் நீ அவ்வளவு அலைந்தாய். பெண்களோ முதல் நாளே குளித்து முழுகி, பத்து விரலுக்கும் மருதாணி வைத்துக்கொண்டார்கள். அவர் சிவந்த கைகளைப் பார்த்தார், குறை ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

கேட்டுக்கு வெளியே நின்ற உன்னிடம், மருந்து அடிக்கும் பெண்களில் ஒருவரான காளியம்மா ஓடி வந்து சொன்னதை நானும் கேட்டேன். "பெரிய மனுசன் வாராரு, இந்த அசிங்கத்தையா நீட்டுறது ரோசு? வெக்கமா இருக்காதா?"

நீ திட்டவில்லை. காளியம்மாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உன் குரல் மாறியது. "வெக்கப்பட வேண்டியவன் பங்களாவுல உக்காந்திருக்கான்லா. இவங்க வெக்கப்படுறாங்க."

மறுபடி சோதனை கேட்டு மனு போட்டாய். பதில் வருவதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. நீ போனதோடு எல்லாம் முடிந்தது என்று துரை நினைத்திருப்பார். அந்த நிம்மதியில்தானே கோயில் வரைக்கும் வந்தார்?

இனி அவர் முன்னால் நான் வாயை மூடிக்கொண்டு நிற்கமாட்டேன், அக்கா. தோட்டத்தின்மேல் காளியம்மா போட்டிருக்கும் வழக்கு நாளில் அவருக்குப் பக்கத்தில்தான் இருப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் இரண்டாவது மனுவுக்காகப் போன மாதம் அதிகாரி மறுபடி வந்தார். யாரும் மருதாணி வைக்கவில்லை. காளியம்மாதான் முதலில் கையை நீட்டினார். மறுவாரம் அவரை வேலையிலிருந்து நிறுத்தி, லைன் வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். அதை எதிர்த்துத்தான் வழக்கு. இப்போது நம் வீட்டில், உன் கட்டிலில் படுத்திருக்கிறார்.

உன் கூடப் பிறந்தவள்,
தெரேசா