மாப்பிள்ளைக்குக் காய்ச்சல்

போடி,
8.11.2024

அன்புள்ள சோலை அண்ணனுக்கு,

எஸ்டேட்டில் உனக்கு டவர் கிடைக்காததால் ஜீப்பு சுடலையிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். உன் மாப்பிள்ளைக்கு நாலு நாளாகக் காய்ச்சல். கெண்டைக்காலைத் தொட்டாலே கத்துகிறார். சிவந்திருந்த கண் இன்று மஞ்சளாகிவிட்டது.

காய் குவித்த இடத்தில் செருப்புப் போடக்கூடாது என்பார்களே, ஏலக்காய்க் குடோனில் மழைத்தண்ணீர் புகுந்த அன்றும் வெறுங்காலோடு, அந்தப் பித்தவெடிப்போடு லோடு இறக்கியிருக்கிறார். அங்கே எலிக்குப் பஞ்சமா? போன மாதம் எங்கள் தெருவில் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். பாதி வீட்டில் யாருக்காவது எலிக்காய்ச்சல் வந்துபோன அடையாளம் இருக்கிறதாம், அவர்களுக்கே தெரியாமல். வேலைக்கே போகாத எதிர்வீட்டு ராமுத்தாய் அக்காவுக்கும் இருக்கிறது. சாக்கடை பொங்கினால் எங்கள் வாசலில்தானே நிற்கிறது!

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார். கோபதாபம் இருந்தாலும் உன் பேச்சைத்தான் கேட்பார். வெரசா வா.

உன் தங்கை,
செல்லத்தாய்

*

எஸ்டேட்,
10.11.2024

ஆத்தா செல்லத்தாய்,

டவுன்காரனுக்கு எலிக்காய்ச்சலா? அது வயலில் இறங்குகிறவனுக்கு வருவது. கண் மஞ்சளானால் காமாலைதான். கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடு. உப்பைச் சேர்க்காதே.

தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தவேண்டிய பிள்ளைக்கு, ஜீப்புக்காரனிடம் சொல்லியனுப்பிய மனுசன் அவர். நேரில் வந்து அழைக்காமல் அந்த வீட்டுப்படி ஏறமாட்டேன். உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அண்ணன்,
சோலை

*

போடி,
11.11.2024

அண்ணே,

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "மச்சானே காமாலைன்னு சொல்லிட்டாருல்ல, பெறகென்ன?" என்று கீழாநெல்லியைக் குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார். காலையிலிருந்து ஒன்றுக்கே போகவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அழைக்கத்தானே வேண்டும்? நான் அழைக்கிறேன். வா.

செல்லத்தாய்

*

போடி,
2.12.2024

மதிப்பிற்குரிய சோலை அவர்களுக்கு,

என் வீட்டுக்காரர் பிழைத்துவிட்டார். எலிக்காய்ச்சல்தான். ராமுத்தாய் அக்கா ஆட்டோ பிடித்துவந்து, அவரை வைதுகொண்டே தூக்கி ஏற்றினார். சிறுநீரகம் வேலை செய்யாமல், மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். "இன்னும் ஒருநாள் விட்டிருந்தா என்னம்மா செய்வே?" என்று டாக்டர் என்னைத்தான் ஏசினார். அதற்கு முந்தின இரண்டு நாளும் ஜீப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

உடம்பு தேறியதும் மலைக்கு வந்து உங்களை நேரில் அழைக்கவேண்டும் என்கிறார் இவர். நான்தான் வேண்டாம் என்றுவிட்டேன். இனி எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு மஞ்சள் தடவிய பத்திரிகை உங்களுக்கு முறையாகத் தபாலில் வரும், ஊராருக்கு வருவதுபோல.

இப்படிக்கு,
பாண்டித்துரை மனைவி செல்லத்தாய்