உன்னைக் கேட்காமல் முடியாதாம்

டிக்கோயா
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி துஷாந்துக்கு, அக்கா வினோதா எழுதுவது. மாரியம்மன் உன்னை நோய்நொடியில்லாமல் வைத்திருக்க வேண்டும்.

புதன்கிழமை கண்டி கிளினிக்கில் இருந்தவர்கள்: டாக்டர் அம்மா, தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ், உன் மச்சான், அவர் தங்கை பிரேமினி, நான். வேறு யாருக்கும் இது தெரியாது.

உன் மச்சானுக்குத் தைப்பொங்கலிலிருந்தே வயிற்றோட்டம். நீ கொடுத்த கிட்னியைக் கெடுத்துவிட்டான் என்று பேச்சு வருமோ என்று கிளினிக்கில் மறைத்திருக்கிறார். கக்கூசுக்குப் போகும்போதெல்லாம் கோழி தேடப் போவதாகச் சொல்வார். எங்களிடம் இருப்பதே இரண்டு கோழிதான். இப்போது சட்டை தோளில் நிற்கவில்லை.

சோதித்ததில் வைரஸ் கிருமி என்று வந்தது. மற்றவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் போய்விடுமாம். கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க இவர் குடிக்கும் மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பதால், குடலிலேயே தங்கிவிட்டதாம். தனியாக மருந்து இல்லை. அந்த மாத்திரையைக் குறைத்துப் பார்க்கலாம், ஆனால் கிட்னி பழுதாகவும் கூடும் என்று டாக்டர் அம்மா மறைக்காமல் சொன்னார். இப்படியே விட்டாலும் உடம்பு தாங்காதாம்.

உன் மச்சான் தலையைக் குனிந்துகொண்டு, "அது துஷாந்த் குடுத்தது. அவனக் கேக்காம நான் சரின்னு சொல்ல மாட்டேங்க" என்றார். "அப்ப இத்தன நாள் வாடகையும் சேத்துக் குடுத்துருண்ணே" என்றாள் பிரேமினி. நர்ஸ்கூடச் சிரித்துவிட்டார். உன் மச்சான் சிரிக்கவில்லை.

கிருமி கைவழியாகப் பரவுமாம். அதனால் இந்தத் திருவிழாவில் கோயில் பொங்கலுக்கு நான் கை வைக்கவில்லை, தள்ளி நின்று கும்பிட்டேன். அம்மன் கோபிக்க மாட்டாள்.

போனில் சொல்லலாம்தான். லயத்தில் எங்களுக்கு இருப்பது ஒரே அறை, ஒரே காம்பராவில் உன் மச்சான் காதில் விழாமல் எப்படிப் பேசுவது? கொழும்புக்கு வரும் சிவசாமி அண்ணனிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

தம்பி, கிட்னி போய்விட்டாலும் நீ எங்களைக் கோபிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதை நான் சொன்னால் அவர் நம்பமாட்டார். கொடுத்த அன்றே அது அவருடையதாகிவிட்டது என்று உன் கையால் அவர் பெயருக்கு எழுது. எனக்கு அவர் வேண்டும்.

அடுத்த புதன்கிழமை திரும்பவும் கிளினிக். அதற்கு முன் பதில் போடு.

அக்கா
வினோதா