மூன்றாவது வயலுக்குத் தண்ணீர்

பாய்,

இன்றைக்கு மறுபடியும் அந்தக் குளிர்ந்த ஜெல். மன்னார்குடியில் அதே பிசியோதெரபி மையம், அதே கட்டில். நான் திரும்பக் கபடி ஆடலாமா என்று பார்க்க, பிசியோ மேடம் என் தொடையில் ஸ்கேன் ஜெல்லைத் தடவினார். பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். விரிப்பு கசங்காமல் கிடந்தது. நீங்கள் படுத்திருந்தால் அப்படிக் கிடக்குமா?

போன வருடம் நான் முட்டி ஆபரேஷன் முடிந்து வந்தவள். நீங்கள் துபாய்க் கடையில் அரிசி மூட்டை தூக்கி, இடுப்பு பிடித்து வந்தவர். உங்கள் வயிற்றில் மேடம் ஸ்கேன் கருவியை வைத்ததும், "பாய், ஆணா பொண்ணா?" என்றேன்.

"சொல்லக் கூடாதுன்னு செவுத்துல போர்டு தொங்குது. படிக்கத் தெரியாதா புள்ள?"

உங்களுக்கு லீவு இரண்டு மாதம். அதற்குள் இடுப்பு தேறாவிட்டால் வேலை போய்விடும். கூத்தாநல்லூரில் உங்கள் வீடு சுவரோடு நிற்கும், தளம் ஏறாது.

திரையில் வயிற்றுத் தசை மூன்று கருத்த வயல்களாகத் தெரிந்தது, இடையில் வெள்ளை வரப்புகள். அடியிலிருக்கும் மூன்றாவது தடித்தால்தான் இடுப்புக்குப் பிடிமானம் என்றார் மேடம். இறுக்கச் சொன்னதும் மூட்டை தூக்குகிற பழக்கத்தில் தம் கட்டினீர்கள். மேலே இரண்டும் புடைத்தன. மூன்றாவது அசையவில்லை.

"கடைமடைக்குத் தண்ணி வரலையே மேடம்" என்றேன்.

"தம் கட்டாதீங்க பாய். பேசிக்கிட்டே இறுக்குங்க."

பேசச் சொன்னால் உங்களுக்கு வாய் அடைத்துவிடும். மூன்று வாரம் இப்படியே போனது. ஒரு நாள் சுவரைப் பார்த்து, "லீவு பாதி போயிடுச்சு புள்ள" என்றீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த முறை நீங்கள் இறுக்கத் தொடங்கியதும் வேண்டுமென்றே ஆரம்பித்தேன்.

"உங்க ஊரு பிரியாணியில கறியைக் கண்டுபிடிக்கத்தான் பாய் இந்த மிஷின் வேணும்."

"யாருகிட்ட பேசுற! எங்க வீட்டுச் சட்டியைப் பாத்திருக்கியா நீ?"

சண்டைக்கு வந்தீர்கள், தம் கட்ட மறந்தீர்கள். "நிறுத்தாதீங்க, திட்டுங்க, திட்டுங்க!" என்று மேடம் கத்தினார். மூன்றாவது வயல் மெல்லத் தடித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு தினமும் சண்டைதான். விமானம் ஏறுமுன் வீட்டுக்குக் கூப்பிட்டு, உங்கள் கையாலேயே பிரியாணி பரிமாறினீர்கள். "இப்ப சொல்லு, கறி இருக்கா?"

"மிஷின் கொண்டாரலையே பாய்."

தளம் போட்டதும் போட்டோ அனுப்பினீர்கள். போன மாதம், துபாயிலேயே மாரடைப்பில் போய்விட்டீர்கள். அம்மா வந்து சொன்னபோது நான் அழவில்லை.

இன்று என் தொடைத் தசை திரையில் நடுங்கியது, இறுகி நிற்கவில்லை. மேடம் என் முகத்தைப் பார்த்தார். "ஏன்டி தம் கட்டுற?"

அப்போதுதான் தெரிந்தது. செய்தி கேட்ட நாளிலிருந்து தம் கட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். காலிக் கட்டிலைப் பார்த்து உரக்கச் சொன்னேன்: "கறி நெறய இருந்துச்சு பாய். சும்மாதான் சொன்னேன்."

கண்ணீர் முட்டியது. தசை இறுகி நின்றது. "அப்படியே பேசு, விடாத!" என்றார் மேடம்.

சனிக்கிழமை களத்தில் இறங்குகிறேன். கபடி கபடி என்று பாடிக்கொண்டேதான் எல்லைக் கோட்டைத் தாண்ட வேண்டும். அதற்கென்ன பாய், நம் இரண்டு கட்டிலுக்கு நடுவே அதைத்தானே பழகினோம்.