எல்டனின் தூரமானியும் என்னுடையதும்

விஸ்கான்சின்
நவம்பர் 9

அன்பு மகன் ட்ராவிஸுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், அவள் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. அலாஸ்கா குளிரில் நீ நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன்மேல் எனக்கு ஒரு கோபம். வில் வேட்டைக்கு மான் எத்தனை கஜத்தில் நிற்கிறது என்று காட்டும் லேசர் தூரமானி எதை வாங்கலாம் என்று உன் சித்தப்பா எல்டனுக்குப் போனில் ஒரு மணி நேரம் சொன்னாயாமே. மான்கறி சாசேஜ் போட வந்தவன், ட்ராவிஸ் சொன்னான் ட்ராவிஸ் சொன்னான் என்று நாலு தடவை சொல்லிவிட்டான். பெற்றவன் நான், யோசனை அவனுக்கா? வயிறு எரிந்தது. மறுநாளே கடைக்குப் போய், அவனுடையது அறுநூறு கஜம் காட்டுமென்றால் எனக்கு ஆயிரத்தைந்நூறு காட்டுவது வேண்டும் என்றேன். கடைக்காரப் பெண், வில்லுக்கு நாற்பது கஜத்துக்கு மேல் எதற்கு சார், மரத்து மேலிருந்து கீழே எய்யும்போது சரிவுக் கோணத்தைக் கழித்து, குறிவைக்க வேண்டிய தூரத்தைச் சொல்லும் கருவியைப் பாருங்கள் என்றாள். எனக்கா சொல்லித் தருகிறாய் என்று அவள் வாயை அடைத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை மேட்டு ஓரத்துப் பரணில் இருந்தேன். கீழே பள்ளத்தில் பெரிய கலைமான் வந்து நின்றது. கருவி முப்பத்துநாலு கஜம் என்றது, நம்பி எய்தேன். அந்தச் சரிவுக்கு இருபத்தெட்டுக்குத்தான் குறிவைத்திருக்க வேண்டும். அம்பு முதுகுத்தோலைக் கீறிக்கொண்டு போனது. ரத்தத்தைப் பார்த்ததும் பரணிலிருந்து இறங்கினேன். வேறு யாரைக் கூப்பிட, எல்டனைத்தான் கூப்பிட்டேன். மண்டிபோட்டு இலை இலையாக ரத்தத்துளி தேடி மதியம் வரை என்னோடு அலைந்தான், ஒரு கேலியும் பண்ணவில்லை, அது இன்னும் எரிந்தது. கடைசியில் அடுத்த மேட்டில் அந்தக் கலைமான் ஒரு பெட்டை மானைத் துரத்திக்கொண்டு ஓடியது. பிழைச்சுக்கும் அண்ணே, நம்ம ரெண்டு பேரைவிட நல்லாத்தான் இருக்கு என்றான். எனக்கு அடக்க முடியவில்லை, என் மகன் உனக்குத்தானே எல்லாம் சொல்வான் என்று கத்திவிட்டேன். அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். உனக்குச் சொல்லாமலா இருந்தான், அவன் ஆரம்பிச்சப்பல்லாம் நீதான் எனக்குத் தெரியும்டான்னு போனை டார்லா அண்ணிகிட்ட கொடுத்துட்டியாமே, நான் கேட்டேன், சொன்னான், அவ்வளவுதான் என்றான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். ஆமாம், மூன்று தடவை என்றாள். எண்ணி வைத்திருக்கிறாள்.

கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அந்தப் பெண்ணிடம் மன்னிப்பும் கேட்டேன். சீசன் இன்னும் முடியவில்லை. நான் எதை வாங்கட்டும் என்று நீ சொல், நடுவில் பேசமாட்டேன்.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். பனியில் வண்டியை மெதுவாக ஓட்டு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட மறக்காதே, எல்டனுக்குச் சொன்னதைவிட அஞ்சு நிமிஷமாவது எனக்குக் கூடச் சொல்ல வேண்டும்.

உன் அப்பா,
நார்பர்ட்