நடுவில் ஈபிள் கோபுரம்

அண்ணே,

போன வாரம் பரவை மார்க்கெட்டில் வெங்காய மூட்டைகளின் மேல் நீங்கள் மல்லாந்து கிடந்தீர்கள். வெள்ளைச் சட்டை, கூப்பிய கை, தோளுக்குப் பின்னால் பாதி ஈபிள் கோபுரம். முந்தின நாள் மழைத் தண்ணீர் உங்கள் நெற்றியில் சின்னக் குட்டையாகத் தேங்கியிருந்தது. தார்ப்பாய் ஆர்டர் கேட்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

வெங்காயக் கடைக்காரர் சிரித்தார். "வாங்கண்ணே, தார்ப்பாய்க்கா வந்தீங்க? இந்தா பாருங்க, ஓசியில கெடச்சிருக்கு. சிம்மக்கல்லுல இருந்து ஒரு ஆட்டோக்காரரு கொண்டாந்து போட்டாரு."

"யாரு, படத்துல?"

"யாரோ பாரீஸ் போனவராம்ணே. ஆளு யாருன்னு தெரியல. ஆனா ஒரு சொட்டு ஒழுகல."

ஃப்ளெக்ஸ் போர்டு வந்த நாளிலிருந்து நீங்கள் அதைத் திட்டாத நாளில்லை. "மூஞ்சிய அச்சடிச்சு ரோட்டுல வைக்கிறான். மறுவாரம் அதைக் கழட்டி மாட்டுக் கொட்டகைய மூடுறான். நம்ம தார்ப்பாய எவன் வாங்குவான்?" என்பீர்கள். இப்போது நீங்களே போட்டிச் சரக்காகிவிட்டீர்கள். அதிலும் ஒழுகாத சரக்கு என்று பெயர் வாங்கியிருக்கிறீர்கள்.

அந்த வசவை நீங்கள் என்னிடம் சொன்னதில்லை. நம் கணக்கப்பிள்ளை முத்தையாவிடம் சொன்னீர்கள். ஆறடி தள்ளி உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த மடலில் 'நீங்கள்' என்று எழுதக் கை கூசுகிறது. பதினெட்டு வருஷமாக எனக்கு நீங்கள் 'அவரு'; உங்களுக்கு நான் 'அவன்'. சிம்மக்கல்லில் அப்பா விட்டுப்போன கயிறு, சாக்கு, தார்ப்பாய்க் கடையை இருவரும் சேர்ந்தேதான் நடத்தினோம். காலையில் ஒன்றாகத் திறந்தோம். இரவு ஆளுக்கொரு பூட்டாகப் பூட்டினோம். "முத்தையா, சாக்கு லாரி வந்துருச்சான்னு அவனைக் கேளு" என்பீர்கள். "வந்துருச்சுன்னு சொல்லு முத்தையா" என்பேன் நான். முத்தையா எதையும் திருப்பிச் சொன்னதில்லை. இரண்டு காதையும் நமக்கு நடுவில் வைத்துவிட்டு, பேரேட்டில் எழுதிக்கொண்டிருப்பார். அவர் லீவு போட்ட நாட்களில் தராசைப் பார்த்துப் பேசினோம். அதனால் வியாபாரத்துக்கு ஒரு குறையும் வந்ததில்லை. வாய்ச்சண்டை இல்லாத ஒரே கூட்டு வியாபாரம் நம்முடையது என்று கடைத்தெருவில் பெயர்கூட இருந்தது.

எல்லாம் ஒரு மடியால் வந்தது. நம் தங்கச்சி மகள் சுகன்யாவுக்கு ஐந்து வயதில் குலசாமி கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். மூத்த தாய்மாமன் நீங்கள். சீர்த்தட்டோடு காலையிலேயே கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள், ஆனால் வந்து சேரவில்லை. ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல நேரம் முடியப்போகிறது என்று பெரியவர்கள் பதறினார்கள். "மாமன் மடி வேணும், அம்புட்டுத்தானப்பா. இவன் மாமன் இல்லையா?" என்று யாரோ சொல்ல, பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள். அவள் வீறிட்ட அதே நேரத்தில் நீங்கள் பந்தலுக்குள் நுழைந்தீர்கள். தட்டைத் தலையிலிருந்து இறக்கினீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மடியைப் பார்த்தீர்கள். பிறகு மதினியைக் கூட்டிக்கொண்டு, கறிச்சோறு மணத்த பந்தலிலிருந்து கை நனைக்காமல் போய்விட்டீர்கள்.

நீங்கள் வேண்டுமென்றேதான் பிந்தி வந்தீர்கள் என்று எங்கள் பக்கத்தில் முடிவு செய்தோம். உங்களுக்காகக் காத்திருக்காமல் நான் வேண்டுமென்றே உட்கார்ந்தேன் என்று உங்கள் பக்கத்தில் முடிவு செய்திருப்பீர்கள். விசாரணை இல்லாமலே இரண்டு தீர்ப்பு. இரண்டுக்கும் மேல்முறையீடு கிடையாது.

குத்தின காது வளர்ந்து சாஃப்ட்வேர் வேலைக்குப் போனது. கம்பெனி அவளைப் பாரிசுக்கு அனுப்பியது. அங்கிருந்து போன் செய்தாள்: "அம்மா, லீவுக்கு எல்லாரும் வாங்க. ரெண்டு மாமாவும் வந்தாத்தான் டிக்கெட் போடுவேன். ஒருத்தர் மட்டும்னா ஒருத்தருக்கும் கிடையாது." தங்கச்சி மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. ஆக நீங்கள், மதினி, நான், என் மனைவி, தங்கச்சி என்று ஐந்து பேர் கிளம்பினோம். கடைத்தெரு நண்பர்கள் சும்மா இருப்பார்களா? சிம்மக்கல் முக்கில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். 'பாரிஸ் செல்லும் சிங்கங்களே! சென்று வாருங்கள்! வென்று வாருங்கள்!' பாரிசில் எதை வெல்வது என்று போடவில்லை. நமக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று டிசைன் செய்தவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். உங்களை இடது ஓரத்தில் வைத்து, என்னை வலது ஓரத்தில் வைத்து, நடுவில் ஈபிள் கோபுரத்தை நட்டுவிட்டார். நம் பிரச்சினைக்கு அவ்வளவு உயரமான சாட்சி அதற்கு முன் கிடைத்ததில்லை.

அசல் கோபுரத்தின் அடியில் நின்று, நம் தொழிலுக்கு ஏற்றபடி அண்ணாந்து பார்த்தீர்கள். "ஏம்மா, கம்பியெல்லாம் கட்டிட்டு மேல ஒண்ணும் போடாம விட்டுட்டாங்க. மழை பேஞ்சா என்ன பண்ணுவாங்க?" என்று தங்கச்சியைக் கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. உங்கள் பேச்சுக்கு நான் சிரிக்கக் கூடாது என்பதால் ஒரு புறாவைப் பார்த்துச் சிரித்து வைத்தேன்.

இன்னொன்றும் அங்கே பார்த்தேன். காபி குடித்த இடத்திலெல்லாம் மேசையில் இருந்த சீனிப் பொட்டலங்களை அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். "காசு குடுத்தாச்சுல்ல?" என்றீர்கள் மதினியிடம். சிம்மக்கல் புத்தி பாரிஸ் வரை வந்துவிட்டதே என்று என் மனைவியிடம் முணுமுணுத்தேன். உங்கள் காதில் விழுந்திருக்கும். விழட்டும் என்றுதான் சொன்னேன்.

நான்காம் நாள் தரைக்கடியில் ஓடும் ரயிலுக்கு நின்றோம். கதவு திறந்தது. சுகன்யா முதலில் ஏறினாள், பின்னாலேயே மூன்று பெண்களும் ஏறினார்கள். நீங்கள் எனக்கு வழிவிட நின்றீர்கள். நான் உங்களுக்கு வழிவிட நின்றேன். போங்க என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் கிடையாது. கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கச்சி வாயில் அடித்துக்கொள்வது தெரிந்தது. அங்கேயே இருங்க என்று சுகன்யா கையைக் காட்டினாள். ரயில் போய்விட்டது.

பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தோம். ஃப்ளெக்ஸில் இருந்த அதே இடைவெளி. கோபுரம் இருந்த இடத்தில் ஒரு பாட்டியம்மாள் நாய்க்குட்டியோடு வந்து உட்கார்ந்தாள். உங்களுக்கு முத்தையா கிடைத்துவிட்டார்.

"ஏய், பைய பத்திரமா வச்சிருக்கானான்னு கேளு" என்றீர்கள் நாயிடம்.

"பை அவ கையில போயிருச்சுன்னு சொல்லு" என்றேன், நானும் நாயிடம்தான்.

"மாத்திரை?"

"அதுலதான் இருக்கு."

நாய் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தது. தமிழ் தெரியாவிட்டாலும் முத்தையா அளவுக்கு வேலை செய்தது. ஆனால் அடுத்த ரயிலில் பாட்டியம்மாள் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பெஞ்சில் நடுவே ஒன்றும் இல்லை. எதிர்ச் சுவரில் வாசனைத் திரவிய விளம்பரத்தில் ஒரு பெண் இருந்தாள். அவளிடம் பேச உங்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

எனக்குக் காது அடைத்துக்கொண்டு வந்தது. காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டவன், ஹோட்டலில் வைத்த குளிர்ந்த ரொட்டியைத் தொடவில்லை. முதுகில் வேர்வை வழிந்தது. பெஞ்சு சரிவது போல இருந்தது. நீங்கள் எழுந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தீர்கள். யாரிடமாவது சொல்லி என்னைக் கேட்கச் சொல்ல வேண்டுமே! ஒருவரும் இல்லை. பிறகு உங்கள் குரல் கேட்டது.

"டேய்."

பதினெட்டு வருஷம் கழித்து வந்த முதல் சொல்.

"டேய், என்னடா செய்யுது? காலையில என்ன சாப்ட்ட?"

"ஒண்ணும் சாப்பிடலண்ணே."

"கூறு கெட்டவனே" என்றீர்கள். சட்டைப் பையிலிருந்து அந்தப் பொட்டலங்கள் வந்தன. ஒவ்வொன்றாகப் பல்லால் கிழித்தீர்கள். "வாயத் தெற. இன்னும் தெற." பிரெஞ்சுக்காரன் சீனி என் உதட்டிலும் மீசையிலும் கொட்டியது. சாய்ந்த என் தலையைப் பிடித்து உங்கள் மடியில் வைத்துக்கொண்டீர்கள். கரகரவென்று சீனியை மென்றபடி கீழேயிருந்து உங்கள் தாடையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். எனக்காகத்தான் அதைச் சேர்த்தீர்களா, இல்லை காசு கொடுத்தாயிற்று என்பதால்தானா? அன்றைக்கும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை.

எதிர் ரயிலில் திரும்பி வந்தவர்கள் நம்மை அந்தக் கோலத்தில்தான் பார்த்தார்கள். என் மனைவி பையோடு ஓடி வந்தாள். தங்கச்சி தலையில் கை வைத்தபடி நின்றுவிட்டாள். "இதுக்காடா இம்புட்டுத் தூரம் வரணும்? பரவையிலயே ஒரு பெஞ்சு போட்டிருப்பேனே!" என்று அழுதாள். அழுகையோடு சிரித்தும் தொலைத்தாள்.

மிச்சம் இருந்த மூன்று நாள் பேசினோம். ஆற்றங்கரைக் கல்சுவரில் உட்கார்ந்து நிறைய நேரம் தண்ணீரைப் பார்த்தீர்கள். "வருசம் பூராம் இம்புட்டுத் தண்ணி ஓடுதேடா. இவங்க லாரிய எங்க நிப்பாட்டுவாங்க? துணிய எங்க காயப்போடுவாங்க?" என்றீர்கள். வைகையைத் தவிர வேறு ஆறு அறியாதவன் கேட்கும் நியாயமான கேள்விதான். அந்தச் சுவரில்தான் நான் ஆரம்பித்தேன்.

"அண்ணே, அன்னைக்குக் காதுகுத்துல..."

"பஸ்ஸு பஞ்சருடா."

"என்னது?"

"சமயநல்லூர்ல பஞ்சரு. சீர்த்தட்டத் தலையில வச்சுக்கிட்டு நானும் ஒன் மதினியும் அங்கருந்து நடந்தே வந்தோம். பந்தலுக்குள்ள வந்தா பிள்ளை கத்துது."

"இத அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "கேக்க வேண்டியவன் கேக்கலையேடா."

ஒரு டயரில் ஏறிய ஆணி. அவ்வளவுதான் விஷயம். இருவரில் ஒருவர் கேட்டிருந்தால் அன்றைக்குக் கறி ஆறுவதற்குள் முடிந்திருக்கும். அதைத் தெரிந்துகொள்ளப் பாஸ்போர்ட் எடுத்து, விசாவுக்கு வரிசையில் நின்று, கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது. ஐரோப்பாவால் மனிதனுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

மதுரையில் வந்து இறங்கினோம். வெளியே சொந்தங்களும் கடைத்தெருவும் மாலையோடு நின்றார்கள். நம்மை நன்றாக அறிந்தவர்கள் என்பதால் இரண்டு மாலை, இரண்டு கார் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். உங்கள் ஆட்கள் உங்களை அந்தப் பக்கம் அணைத்துக்கொண்டு போனார்கள். என் ஆட்கள் என்னை இந்தப் பக்கம். கார் கதவருகில் நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். 'அண்ணே, இந்தக் காருல ஏறுங்க' என்பது ஒன்றும் பெரிய வாக்கியம் இல்லை. அத்தனை பேர் முன்னால் அது வரவில்லை.

மறுநாள் காலை கடையில் எல்லோரும் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் நீங்கள் பேசுவீர்கள் என்று நான் இருந்தேன். நான் பேசுவேன் என்று நீங்கள் இருந்திருப்பீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "முத்தையா, அவன் மாத்திரை போட்டானான்னு கேளு" என்றீர்கள். "போட்டாச்சுன்னு சொல்லு" என்றேன். முத்தையா நிம்மதியாகப் பேரேட்டைத் திறந்தார். பாரிசில் பேசியது பாரிசோடு போயிற்று. இங்கே ஒரு தெருவே நம் மௌனத்துக்கு ஏற்றபடி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. அதைக் கலைக்க நமக்குத் தைரியம் இல்லை. ஒன்றரை வருஷம் அப்படியே ஓடியது.

ஆஸ்பத்திரியில் உங்களைச் சேர்த்த மறுநாள், கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். கண் விழித்து என்னைப் பார்த்தீர்கள். பிறகு ஊசி போட வந்த நர்ஸைப் பார்த்தீர்கள்.

"சிஸ்டர், அவன் சாப்ட்டானான்னு கேளுங்க."

"சாப்ட்டேன்னு சொல்லுங்க சிஸ்டர்" என்றேன்.

அந்தப் பெண் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. "ரெண்டு பேரும் பக்கத்துலதான இருக்கீங்க?" என்றது. அன்று சாயங்காலமே நீங்கள் போய்விட்டீர்கள்.

பரவையில் அந்த ஃப்ளெக்ஸை நான் கேட்டு வாங்கவில்லை. கூப்பிய உங்கள் கைகள் மேல் ஒரு கல்லை வைத்திருந்தார்கள். அதை மட்டும் நகர்த்தி ஓரத்தில் வைத்தேன். மறுபடி மழை வரும்போல் இருந்தது. வெங்காயம் நனையும். கோபுரத்தின் அடுத்த பாதியும் நானும் எந்தக் கொட்டகை மேல் கிடக்கிறோமோ, தெரியவில்லை.

முத்தையா கண் தெரியவில்லை என்று வேலையை விட்டு நின்றுவிட்டார். கடையில் நான் மட்டும்தான். இப்போதெல்லாம் காபி குடிக்கும் இடத்தில் சீனிப் பொட்டலம் இருந்தால் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். துவைக்கும்போது எறும்பு மொய்க்கிறது என்று வீட்டில் திட்டு விழுகிறது.

நடுவில் யாரும் இல்லாததால் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு நான் சாப்பிடவில்லை, அண்ணே.